தாய்லாந்து டூரிஸ்ட் ஊர்ல வெளிநாட்டுக்காரங்க பார் ஏன் நிக்கமாட்டேங்குது?

வணக்கம் மக்களே. பட்டாயா, புக்கெட், கோ சமுய் பக்கம் போனவங்க கவனிச்சிருப்பீங்க. போன சீசன்ல ஒரு ஐரோப்பாக்காரர் நடத்தின பார், இந்த சீசன்ல வேற போர்டு மாட்டி வேற ஒருத்தர் கையில இருக்கும். சாப்பாடு சரியில்ல, கூட்டம் வரலன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. எனக்கு அது பாதிக் காரணமாக்கூடத் தெரியல. பல கடைங்க ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே, பேப்பர்லயே தோத்துருது. வாங்க, கணக்கு போட்டே பாப்போம்.

இது உதாரணக் கணக்குதான். சின்ன பார். மாச வாடகை 60,000 பாட் (தாய்லாந்து பணம்), நாலு பேர் சம்பளம் 60,000, கரண்ட் 25,000, கணக்கு எழுதுறவர், இன்டர்நெட், ரிப்பேர் எல்லாம் சேத்து 10,000. ஆக 155,000. கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருந்தாலும் இது போயே தீரும். ஒரு பில் சராசரியா 250 பாட்னா, சரக்குச் செலவு 40 சதவீதம் போக கையில நிக்கிறது 150. அப்போ கைநஷ்டம் இல்லாம இருக்கவே தினம் 35 பில் வேணும்.

நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் தினம் 60 பில்லுன்னு வைங்க. மாசம் 115,000 மிச்சம், 5 மாசத்துக்கு 575,000. மீதி 7 மாசம் தினம் 20 பில். மாசம் 65,000 நஷ்டம், மொத்தம் 455,000. வருஷக் கடைசியில நிக்கிறது 120,000 பாட். அதாவது மாசத்துக்கு 10,000. முதலாளி சம்பளம் இதுல இன்னும் எடுக்கவே இல்ல.

இங்கதான் சட்டம் உள்ள வருது. கம்பெனி வழியா ஒரு வெளிநாட்டவருக்கு வொர்க் பெர்மிட் வாங்க, பொதுவான விதிப்படி 20 லட்சம் பாட் மூலதனமும் 4 தாய்லாந்து ஊழியர்களும் காட்டணும். மழை மாசத்துல ரெண்டு பேரை நிறுத்திக்கலாம்னு நினைச்சா நடக்காது. விசா நீட்டிக்கப் போகும்போது அந்த நாலு பேருக்கும் சமூகக் காப்பீடு கட்டின ரசீதைக் கேப்பாங்க. முதலாளிக்கும் குறைஞ்சபட்ச சம்பளம் காட்டணும், மேற்கு ஐரோப்பாக்காரருக்கு அது மாசம் 50,000. அதுக்கு வருமான வரியும் உண்டு. கடை தர்றது 10,000, காட்ட வேண்டியது 50,000!

இன்னொன்னு, வாட் (VAT), அதாவது மதிப்புக் கூட்டு வரி. வருஷ விற்பனை 18 லட்சம் பாட் தாண்டினா பதிவு பண்ணி 7 சதவீதம் கட்டணும். நம்ம உதாரணக் கடை 33 லட்சம் விக்குது. மெனு விலைக்குள்ளேயே வரியை அடக்கி வச்சிருந்தா, மிஞ்சுன 120,000-ல பெரும்பகுதி அதுலயே கரைஞ்சிரும்.

அடுத்தது லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம். பணம் அதிகமா முங்குறது இங்கதான். பார் வாங்குறோம்னு பேச்சுக்குச் சொல்றாங்களே தவிர, கைக்கு வர்றது மேசை நாற்காலியும் மிச்சமிருக்கிற லீஸ் மாசங்களும்தான். 3 வருஷ லீஸுக்கு கீ மணி, அதாவது கடையைக் கைக்கு வாங்க வாடகை போகத் தர்ற மொத்தப் பணம், 600,000 கொடுத்தா மாசம் 16,667 ஆகுது. யாரும் இதைச் செலவுல எழுதுறதில்ல, முதலீடுன்னு எழுதிக்கிறாங்க. 3 வருஷம் முடிஞ்சதும் வீட்டுக்காரர் புதுசா கீ மணி கேட்டா என்ன பண்ணுவீங்க? 3 வருஷத்துக்கு மேல லீஸ் போட்டா நில அலுவலகத்துல பதிவு பண்ணியே ஆகணும். பதிவு இல்லேன்னா 10 வருஷம்னு எழுதியிருந்தாலும் 3 வருஷத்துக்குத்தான் செல்லும்.

கம்பெனி பங்கையும் சொல்லிடறேன். 1999 அந்நியர் வணிகச் சட்டத்துல உணவகமும் பாரும் மூணாவது பட்டியல்ல வருது. தனி அனுமதி இல்லேன்னா வெளிநாட்டவர் பங்கு பாதிக்குக் கீழதான் இருக்கணும், நடைமுறையில 49 சதவீதம். அமெரிக்கர்களுக்கு, ரெண்டு நாடும் போட்ட 1966 ஒப்பந்தப்படி விலக்கு இருக்கு. பேருக்கு ஒரு தாய்லாந்து ஆளை பங்குதாரரா போட்டுக்கலாம்னு ஏஜென்ட் சொன்னா, அந்த ஏஜென்ட்டை விட்டுடுங்க. மாட்டினா 3 வருஷம் வரை சிறை, 1 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் பாட் வரை அபராதம், கையெழுத்துப் போட்ட தாய்லாந்துக்காரருக்கும் சேத்துத்தான்.

கடைக்குள்ள நடக்குற கசிவு இதைவிடச் சின்னதுதான், ஆனா தினமும் நடக்கும். 700 மில்லி பாட்டில்ல 30 மில்லி ஊத்தினா 23 கிளாஸ். அளவுக் கோப்பை இல்லாம கைக்கு வந்தபடி 40 மில்லி ஊத்தினா 17. பாட்டிலுக்கு 6 கிளாஸ் போச்சு. கடை மூடினதும் திறந்த பாட்டிலை தராசுல வச்சு எழுதுங்க, போதும். அப்புறம் முதலாளியோட சொந்த ஊர் நண்பர்கள். ஒரு பீரை மூணு மணி நேரம் குடிப்பாங்க, கணக்குல எழுதிக்கோன்னுட்டு கிளம்பிடுவாங்க. சாயங்காலம் கடை நிறைஞ்ச மாதிரி தெரியும், கல்லா காலியா இருக்கும்.

இவ்வளவுக்கு அப்புறமும் வாங்கணும்னா, டிசம்பர்ல போய் பாக்காதீங்க. புக்கெட்னா செப்டம்பர், சமுய்னா நவம்பர். அங்க பெரு மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், புக்கெட் கணக்கு அங்க எடுபடாது. வார நாள்ல எதிர்ல உக்காந்து பில்லை எண்ணுங்க. விக்கிறவர் காட்டுற நோட்டை நம்ப வேண்டாம், 12 மாச கரண்ட் பில்லும் பீர் சப்ளையர் ரசீதும் கேளுங்க. ஏசி ஓடாத மாசம் எதுன்னு கரண்ட் பில்லே சொல்லிடும். பில் மின்வாரியத்துதா, இல்ல வீட்டுக்காரர் தன் ரேட்ல யூனிட் போட்டு எழுதினதான்னும் பாருங்க. ஆஃப் சீசன் நஷ்டம், நம்ம கணக்குல 455,000, அதைத் திறக்கும்போதே தனி அக்கவுன்ட்ல போட்டு வைங்க.

லீஸ்ல வேற ஆளுக்கு மாத்தித் தர்ற உரிமை இருக்கா, அதுக்கு வீட்டுக்காரர் எவ்வளவு கேப்பார்ங்கிறதை தொகையோட, தாய்லாந்து மொழிப் பிரதியிலயும் எழுதி வாங்குங்க. அந்த வாசகம் இல்லேன்னா கடையை நடத்தவும் முடியாம, விக்கவும் முடியாம மாசா மாசம் வாடகை மட்டும் கட்டிட்டிருப்பீங்க.