முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் சேரும் வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தன்னெதிர்ப்பு நோய் என்ற சொல்லைக் கேட்டதுமே, உடல் தன்னைத்தானே தாக்குகிறது, காரணம் தெரியாது, இனி வாழ்நாள் முழுவதும் மாத்திரைதான் என்று நோயாளி முடிவுகட்டிவிடுகிறார். பல நோய்களில் அந்த அச்சத்துக்கு இடமும் உண்டு. ஆனால் மெம்பரனஸ் நெப்ரோபதி என்னும் சிறுநீரக நோயில், தூண்டுகோல் எது என்று சுட்டிக்காட்டவும் அதை வீட்டைவிட்டு அகற்றவும் முடிகிற ஒரு வகை இருக்கிறது. அதைப் பற்றி மட்டுமே இன்று பேசுகிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இந்நோயில், கிருமிகளைத் தாக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி) அவற்றின் சவ்வுக்கு வெளிப்புறத்தில் படிந்து சல்லடையைச் சிதைப்பதால், இரத்தத்தில் இருக்கவேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சிறுநீர் நுரைக்கிறது, கால் வீங்குகிறது. எதிர்ப்புரதம் பற்றுகிற இலக்கை வைத்து நோயை வகைபிரிக்கிறோம். 2009இல் கண்டறியப்பட்ட பிஎல்ஏ2ஆர் (PLA2R) என்னும் இலக்குதான் பெரும்பாலோரிடம் காணப்படுவது. பின்னர் அறியப்பட்ட நெல்-1 (NELL-1) என்னும் இலக்கு இன்றைய பேச்சுக்குரியது.

கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கண்டறியப்பட்ட 22 மெம்பரனஸ் நோயாளிகளில் 15 பேர் நெல்-1 வகையினர். அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசிவந்தவர்கள். அத்தகைய கிரீம்களில் கலந்திருக்கும் பாதரசம், தோலில் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை முடக்குவதால் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல்வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. இது புதிய செய்தியும் அன்று. 1972இலேயே கென்யாவின் நைரோபியில் நெப்ரோடிக் சிண்ட்ரோமுடன் (சிறுநீரில் புரதம் மிகுதியாக ஒழுகி உடல் வீங்கும் நிலை) வந்த 60 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அதை அரை நூற்றாண்டு கழித்து மறுபடி கண்டுபிடித்தோம் என்பதில் எங்கள் துறைக்குப் பெருமை ஏதுமில்லை.

கிரீமை நிறுத்திய பலருக்குப் புரத ஒழுக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துவிடுகிறது. நோயெதிர்ப்பை அடக்கும் கடுமையான மருந்துகள் தேவைப்படாமலே போகலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும்; வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்; வேறு பெயரில் வேறொரு டப்பா வந்து சேரும். இந்தியச் சட்டப்படி முகக் கிரீமில் பாதரசம் தற்செயலாகக் கலந்தாலும் 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றாலும், உட்பொருள் பட்டியலோ தயாரித்தவர் முகவரியோ இல்லாத டப்பாவிடம் சட்டம் என்ன செய்யும்? ஆகவே, குணமானவருக்குப் புரதம் மீண்டும் ஒழுகினால், நோய் தானாகத் திரும்பியது என்று மருந்தைக் கூட்டுவதற்கு முன், தூண்டுகோல் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நாட்டு மருந்துகளையும் விட்டுவிட இயலாது. பாதரசம் கலந்த சில மருந்துகளுக்கும் நெல்-1 வகைக்கும் உள்ள தொடர்பைச் சென்னையின் திசு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். இது ஒரு மருத்துவ முறையின் மீதான தீர்ப்பன்று. டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றிய கேள்வி.

“ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?” என்று மருத்துவர்களாகிய நாம் கேட்கிறோம், நோயாளி “இல்லை” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கிரீமை அவர் மருந்தாக நினைப்பதில்லை. பூசுவது, தின்பது, குடிப்பது அனைத்தையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை எடுத்து வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி சொல்லாததை அந்தப் பை சொல்லிவிடும்.