கோட்டைத் தாண்டிய கால்

[திரையில்: ‘கோடை’ அச்சுப்படம் முழுதாக]

வயலில் அறுவடை நடக்கிறது. முன்னால் ஒருவன் பெரிய ஜாடியை அண்ணாந்து கவிழ்த்துக் குடிக்கிறான். அவன் காலைப் பாருங்கள். படத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி, கீழே எழுத்து இருக்கும் இடத்துக்குள் நீண்டிருக்கிறது. கூடவே அவனுடைய நீளப்பிடி அரிவாளும்!

இதை வரைந்தவர் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகல். நான்கு பருவங்களுக்கும் ஒவ்வொன்றாக நான்கு படங்கள் கொண்ட வரிசையில் இதுவும் ஒன்று. ஆண்ட்வெர்ப் நகரில் அச்சுப்படங்கள் வெளியிட்டுவந்த ஹிரோனிமஸ் காக் என்பவருக்காக 1565இல் ‘இளவேனில்’, 1568இல் ‘கோடை’ வரைந்தார். 1569இல் இறந்துவிட்டார். மீதி இரண்டையும், ‘இலையுதிர்காலம்’, ‘குளிர்காலம்’, ஹான்ஸ் போல் (Hans Bol) என்ற ஓவியர் வரைந்து கொடுக்க, நான்கும் 1570இல் வெளிவந்தன.

பருவங்களை வரைவதென்றால் ரோமானிய தெய்வங்களை நிறுத்துவது அந்தக் கால வழக்கம். பூக்களோடு ஃப்ளோரா, கதிர்க்கட்டோடு சீரீஸ், திராட்சையோடு பாக்கஸ். புரூகல் படத்தில் அவர்கள் யாரும் இல்லை; உழைக்கிற ஆட்கள்தான். அப்படியானால் உருவகம் எங்கே போயிற்று? கீழே உள்ள லத்தீன் வரிகளுக்குப் போயிற்று. இளவேனில் குழந்தைப் பருவம், கோடை இளமை, இலையுதிர்காலம் நடுவயது, குளிர்காலம் முதுமை.

[திரையில்: கூடை சுமக்கும் பெண், நெருக்கத்தில்]

தெய்வம் ஒரேயடியாகப் போய்விடவில்லையோ என்றும் தோன்றுகிறது. இந்தப் பெண்ணின் முகத்தைக் கூடை மறைக்கிறது. கழுத்துக்கு மேலே காய்கறிதான் தலை, விளைச்சல் தெய்வம் மாதிரி. வேண்டுமென்றே செய்த குறும்பு என்றுதான் நான் நினைக்கிறேன்.

[திரையில்: ‘இளவேனில்’]

இங்கே மார்ச், ஏப்ரல், மே மூன்றும் ஒரே சட்டத்துக்குள். முன்னால் பாத்தி வெட்டி நடுகிறார்கள், அதற்குப் பின்னால் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறார்கள், தூரத்தில் மே மாதக் கொண்டாட்டம்.

சரி, கோட்டோவியம் எப்படி அச்சானது? பீட்டர் வான் டெர் ஹைடன் கூரிய உளியால் அதைச் செப்புத்தகட்டில் கீறினார். கீறிய பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இறங்கும், இடம் வலமாக மாறி. அச்சுக்கு வரைபவர் இதை முன்பே யோசிக்காவிட்டால் ஊரே இடக்கையால் வேலை செய்யும்.

ஹான்ஸ் போல் என்பவர் வரைந்த இரண்டும் எனக்குச் சுமார்தான். ஆட்கள் சிறுத்துவிட்டார்கள். ஆனாலும் அவருடைய ‘குளிர்காலம்’ ஒரு விதத்தில் பிடிக்கும்: கீழே முதுமை என்று எழுதியிருக்கிறது, மேலே எல்லோரும் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடுகிறார்கள்.

புரூகலின் மூலக் கோட்டோவியங்களில் ‘இளவேனில்’ வியன்னாவின் அல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ‘கோடை’ ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலே கலைக்கூடத்தில்.