மருந்துச் சீட்டை வைத்து இளைப்பின் கடுமையை அளக்கலாமா?

(தருமபுரியில் சுகாதாரக் களப்பணியாளர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ஒரு மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இளைப்பு வாங்கும் ஆஸ்துமா இருக்கிறது என்று கணக்கெடுப்பதே கடினம். அவர்களுள் எத்தனை பேருக்கு அது கடுமையாக இருக்கிறது என்று சொல்வது இன்னும் கடினம். இன்று இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

நோயை அடக்கி வைக்க எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதைக் கொண்டே மருத்துவர்கள் இன்று கடுமையை வரையறுக்கிறார்கள். குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரிலேயே அடங்கினால் அது லேசானது. அதிக அளவு ஸ்டீராய்டோடு, நீண்ட நேரம் மூச்சுக்குழலை விரித்து வைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தும் அடங்காவிட்டாலோ, அவ்வளவு கொடுத்தால்தான் அடங்கும் என்றாலோ அது கடுமையானது. சில மாதங்கள் முறையாகச் சிகிச்சை பெற்றவருக்கு இந்த அளவுகோல் பொருந்தும். ஊர் ஊராகச் செய்யும் ஆய்வுக்கு இதை அப்படியே எடுத்து வந்தால் முடிவு தலைகீழாகிவிடும். ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டு அட்டையைக் காட்டி மாதந்தோறும் இன்ஹேலர் வாங்குகிறார்; நிம்மதியாகத் தூங்கினாலும் பதிவேட்டில் அவர் கடுமையான நோயாளி ஆகலாம். அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமத்தில் விறகடுப்பில் சமைக்கும் ஒரு பெண் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே விடிய வைக்கிறார். மூச்சு முட்டும்போது மட்டும் போய் ஊசி போட்டுக்கொள்கிறார். அவர் கணக்கில் லேசான நோயாளி, அல்லது கணக்கிலேயே இல்லை.

ஆகவே மருந்தைக் கேட்கும் முன் நோயைக் கேட்க வேண்டும். 1991இல் தொடங்கிய ‘ஐசக்’ என்னும் பன்னாட்டுக் குழந்தைகள் ஆய்வு இதற்கு நல்ல வழி காட்டியது. கடந்த 12 மாதங்களில் நான்கு முறையோ அதற்கு மேலோ இளைப்பு வந்ததா, வாரத்தில் ஓர் இரவாவது தூக்கம் கெட்டதா, ஒரு மூச்சுக்கு ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் பேச முடியாமல் போனதா என்று அது கேட்டது. மூன்றாவது கேள்வியை நான் பெரிதும் மதிக்கிறேன். அப்படித் திணறியவர் அதை எளிதில் மறப்பதில்லை. பன்னிரண்டு மாதம் என்று கேட்பதைவிட, போன ஆடிப்பெருக்கு முதல் இன்றுவரை என்று கேட்டால் நம் ஊரில் தெளிவான பதில் கிடைக்கும்.

வேறு சில வினாப்பட்டியல்கள் கடந்த நான்கு வாரங்களை மட்டும் கேட்கின்றன. தளியில் மார்கழியிலும் அரூரில் சித்திரையிலும் அவற்றை நிரப்பிவிட்டு இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது பருவத்தையா நோயையா என்று பிரித்தறிய முடியாது.

ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் விலை மலிவானதுதான். ஆனால் ஆஸ்துமா வேளைக்கு வேளை மாறும் நோய். விடியற்காலை திணறியவர் பகல் பதினொரு மணிக்கு நன்றாகவே ஊதிவிடுவார். எனவே ஒருமுறை எடுத்த அளவைக் கொண்டு லேசானது என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். நாற்பது வயதைக் கடந்த கல்குவாரித் தொழிலாளர், பீடி பிடிப்பவர் ஆகியோரிடம் இளைப்பு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாலும் வரலாம். அவர்களுக்கு மூச்சுக்குழலை விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும், ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்வது நல்லது.

வீட்டுக்கே சென்று மருத்துவம் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதுபோல வீடு தேடிச் செல்வோரின் படிவத்தில் இளைப்புக்கு இரண்டு கட்டங்கள் தேவை என்பது என் கோரிக்கை: நோய் எவ்வளவு வாட்டுகிறது என்பதற்கு ஒன்று, என்ன மருந்து கைக்கு எட்டுகிறது என்பதற்கு இன்னொன்று. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்க வேண்டாம். முதல் கட்டம் நிரம்பி இரண்டாவது வெறுமையாக இருக்கும் வீடுகளின் பட்டியலை அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்திடம் அந்த வாரமே கொடுத்துவிடலாம். ஆய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.