பெயர்ப்பலகை இல்லாத நன்கொடை

வணக்கம் நேயர்களே. புற்றுநோய்க்கு நன்கொடை என்றதும் நம் மனசு கட்டிலுக்கும் மருந்துக்கும்தான் போகும். அது வேண்டும்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் மாதர் சங்கம் வழியாக நிதி திரட்டி, 1954-ல் 12 படுக்கையோடு தொடங்கியது. ஆனால் நான் கேட்க வந்தது ஆய்வுக்குப் பணம்.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றப் பல வருடம் ஆகும், முன்கூட்டியே பிடித்துவிடலாம். கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும், முடிவு வாங்க இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும். அதற்குப் பதிலாக, வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், சந்தேகப்படவேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துவிடலாம், பெரும்பாலும் அங்கேயே உறையவைத்து அழித்தும் விடலாம். சரி, இதனால் உயிர் பிழைக்கிறார்களா? அதைத்தான் 2000-லிருந்து அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறும் பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து பார்த்தார்கள். 57 பகுதிகளில் சோதனை, இன்னொரு 57 பகுதிகளில் வழக்கமான சிகிச்சை மட்டும். கூப்பிட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவேயில்லை, அப்படியும் 31,000 பேருக்கு மேல் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது: சோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் சாவது 35 சதவீதம் குறைவு.

பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. அந்தப் பணம் எங்கே போனது என்று யோசித்துப் பாருங்கள். செவிலியர் பயிற்சிக்கு, வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவர்களுக்கு, அப்புறம் வருடக்கணக்கில் யார் எதனால் இறந்தார்கள் என்று பதிந்துகொண்டே இருந்தவர்களுக்கு. திரும்பவும் சொல்கிறேன், பதிந்துகொண்டே இருந்தவர்களுக்கு. இந்த வேலைக்குப் பெயர்ப்பலகை மாட்ட இடமில்லை, அதனாலேயே கொடுக்க ஆள் குறைவு. அதனால் நீங்கள் கொடுக்கும்போது, எத்தனை வருடம் பின்தொடரப் போகிறீர்கள் என்று கேட்டுக் கொடுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள், இன்னொன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதே அறக்கட்டளைப் பணத்தில் 2009-ல், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி ஆய்வு இந்தியாவில் தொடங்கியது. 2010-ல் அரசு ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னதால் பல சிறுமிகளுக்கு ஒரு ஊசி மட்டுமே கிடைத்தது. ஆய்வு வீணாயிற்று என்று விட்டுவிடாமல் அவர்களையும் பின்தொடர்ந்தார்கள், ஒரே ஊசியும் நன்றாகப் பாதுகாக்கிறது என்று தெரிந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஊசி போதும் என்று ஏற்றபோது இந்தச் சான்றும் அதில் இருந்தது. நன்றி, வணக்கம்.