ஒரு நாளைக்கு ஓர் அருவி

வணக்கம் நேயர்களே.

குழந்தைகளோடு காரில் கிளம்பி, வழியில் வரும் அருவிகளுக்கு நடந்து போய், இரவு கூடாரம் அடித்துத் தங்கும் பயணத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பல வருடங்களாக இப்படிப் போய் வருகிறோம். எங்களுக்கு ஒரே ஒரு விதிதான்: ஒரு நாளைக்கு ஓர் அருவி. அதற்கு மேல் வேண்டாம்.

இந்த விதி ஒரு மழை இரவில் பிறந்தது. அன்று மூன்று அருவிகளையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து கிளம்பியிருந்தோம். மூன்றாவதிலிருந்து திரும்பும்போது மகளால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை. அவளுக்கு அப்போது 6 வயது. தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் சமமாகத் தெரிந்த ஓர் இடத்தில் கூடாரத்தை அடித்தோம். சமம்தான், ஆனால் சுற்றிலும் மேடு. நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. "அப்பா, தரை மெத்து மெத்துன்னு இருக்கு" என்றான் மகன். கையை வைத்துப் பார்த்தேன். அடித்துணிக்குக் கீழே தண்ணீர் தேங்கித் தளும்பிக்கொண்டிருந்தது. மிச்ச இரவை நால்வரும் காருக்குள் உட்கார்ந்தே கழித்தோம்.

வெளிச்சம் இருக்கும்போதே வந்திருந்தால் அந்தக் குழி கண்ணில் பட்டிருக்கும். மண்ணில் நீர் ஓடிய வரிகளும் ஓரமாக ஒதுங்கிய சருகுகளும் மழைத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று காட்டிவிடும். தலைக்கு மேலே பட்டுப்போன கிளை தொங்குகிறதா என்றும் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஓடைக் கரையிலேயே படுக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் 60 மீட்டராவது தள்ளிப் போய், கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து அடியுங்கள். அப்புறம், எவ்வளவு மழை பெய்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

சரி, அருவிக்கு வருவோம். நாங்கள் காலையிலேயே நடக்கத் தொடங்கிவிடுவோம். குழந்தைகளின் கால்களுக்குத் தெம்பு இருக்கும் நேரம் அது. வெயில் தாழ்வாக, நம் முதுகுப் பக்கம் இருந்தால் சாரலில் வானவில்லும் தெரியும்.

போன பயணத்தில் மகன் கேட்டான்: "இந்த அருவி எப்பவும் இங்கேயேதான் இருக்குமா?" அவசரமாகக் கிளம்புகிற நாளாக இருந்திருந்தால் பதில் சொல்ல நேரம் இருந்திருக்காது. அன்று உட்கார்ந்து காட்டினேன். மேலே கடினமான பாறை, கீழே மென்மையான பாறை. விழுகிற தண்ணீர் அடிப்பாறையைக் குடைந்துகொண்டே போகும். ஒருநாள் மேல்பாறை தாங்க ஆளில்லாமல் உடைந்து விழும். அப்போது அருவி ஓர் அடி பின்னால் நகரும். நயாகரா இப்படித்தான் சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. அடிவாரத்தில் கிடந்த பெரிய பாறைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் மேலே இருந்ததா?" என்று கேட்டவன், தானாகவே சற்றுத் தள்ளி வந்து நின்றான். விளிம்புக்கு நேர் கீழே ஏன் நிற்கக் கூடாது என்று அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையோரம் பாதி நனைந்து பாதி காய்ந்திருக்கும் ஒரு கல்லைக் குழந்தைகள் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குக் காவல் கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ந்த பாதி நனைய ஆரம்பித்தால் எல்லோரும் உடனே கரையேற வேண்டும். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே, மலை உச்சியில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி வரலாம். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது என எதைக் கண்டாலும் பொருள்களைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் மேடான இடத்துக்கு ஏறிவிடுங்கள்.

அருவி விழும் இடத்தில் வெண்மையாகப் பொங்குவது பாதி காற்று. அதில் உடம்பு வழக்கம்போல மிதக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அமுக்கிவிடும். அருவியின் தலைப்பக்கம் இன்னும் மோசம். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும், அடியில் பாசி படிந்த பாறை இருக்கும். அங்கே நாங்கள் போவதே இல்லை.

நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சின்ன உடம்பு பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்ந்து போகும். அதனால் ஆளுக்கு ஒரு மாற்று உடையும் காலுறையும் நீர் புகாத பையில் எங்கள் கூடவே நடந்து வரும்.

போன முறை காவல் கல்லைத் தேர்ந்தெடுத்தது மகள். கிளம்பும்போது குனிந்து அதன் காய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "இன்னும் சூடா இருக்குப்பா" என்றாள். மாலை வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

நன்றி, வணக்கம்.