ஊர்ப்பற்று எதைக் கேட்க வேண்டும்?

நேயர்களுக்கு என் வணக்கம். ஊர்ப்பற்றும் அரசியலும் என்னும் பொருளில் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவாகப் பேசுவதைவிட, கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் பிறந்து வளர்ந்த விளவங்கோடு வட்டத்திலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றியது. இந்த மண்ணில் ஊர்ப்பற்று மேடைப் பேச்சோடு நின்றதில்லை. ஒரு காலத்தில் அது கட்சியாகியது, தேர்தலில் நின்றது, துப்பாக்கிக் குண்டுகளை ஏற்றது, கடைசியில் மாநில எல்லையையே நகர்த்தியது.

அன்றைய நிலையை இன்றைய இளைஞர்கள் எண்ணிப் பார்ப்பது கடினம். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தன. ஆட்சி மொழி மலையாளம். எங்கள் வீட்டில் இன்றும் இருக்கும் பழைய ஆதாரப் பத்திரங்களில் என் முன்னோரின் பெயர்கள் மலையாள எழுத்தில்தான் இருக்கின்றன. சொந்த நிலத்தின் நான்கெல்லையை அறிந்துகொள்ள அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசியவர்கள் அலுவலகத்தில் மனு எழுதவும், நீதிமன்றத்தில் வழக்காடவும், பிள்ளைகளுக்கு வேலை தேடவும் வேறொரு மொழியின் வழியாகவே போக வேண்டியிருந்தது என்பதுதான், தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கேட்ட இயக்கத்தின் வேர். தமிழின் தொன்மை பற்றிய பெருமிதம் இருக்கத்தான் செய்தது. ஆனால் மக்களைத் தெருவுக்கு அழைத்து வந்தது பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் தாலுகா அலுவலகமும்தான்.

1945இல் நாகர்கோவிலில் தொடங்கிய இயக்கம் பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயரில் வளர்ந்து, வழக்கறிஞர் நேசமணியின் தலைமையில் 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் பன்னிரண்டு இடங்களைப் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப்பிள்ளை. பசல் அலி தலைமையில் குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினர்களாக இருந்த மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் தன் அறிக்கையை அளித்தது. நான்கு வட்டங்களோடு செங்கோட்டையையும் சென்னை மாநிலத்தில் சேர்க்கலாம் என்றும், மலை வட்டங்களான தேவிகுளமும் பீர்மேடும் கேரளப் பக்கமே இருக்கட்டும் என்றும் அது பரிந்துரைத்தது. மலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களைப் புலம்பெயர்ந்து வந்தவர்கள் என்று ஆணையம் கருதியதும், அந்த மலைகளின் பொருளாதார மதிப்பும் அந்த முடிவுக்குக் காரணங்கள். தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்களை வந்தேறிகளாக எண்ணியது தவறு என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு: இணைப்பு முடிந்த பிறகு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தனிக் கட்சியாக நீடிக்கவில்லை. கேட்டது கிடைத்ததும் அது கலைந்தது. தன் கோரிக்கை நிறைவேறிய பிறகும் அதே கோபத்தை முதலாக வைத்துப் பிழைப்பு நடத்தும் இயக்கங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த ஒழுங்கு வியப்பளிக்க வேண்டும்.

வடக்கில் கதை வேறு. ‘வடவேங்கடம் தென்குமரி’ என்று தொல்காப்பியப் பாயிரம் வரைந்த எல்லையைத்தான் ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும், வேங்கடமாகிய திருப்பதி வரை தமிழகமே என்னும் தங்கள் கோரிக்கைக்குச் சான்றாக எடுத்துச் சொன்னார்கள். 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையிலேயே உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திரம் தனி மாநிலமாகியது. சென்னை நகரம் நம்மிடம் தங்கியது, வேங்கடம் தங்கவில்லை. திருத்தணி மட்டும், எல்லைச் சிக்கலில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் வந்து சேர்ந்தது. அதற்கு ஈடாக நம் பக்கத்துக் கிராமங்கள் சிலவும் ஆந்திரத்துக்குப் போயின. ஸ்ரீராமுலுவை ஆந்திர மக்கள் அமரஜீவி என்று போற்றுகிறார்கள். நம் சங்கரலிங்கனாரோ, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து 1956 ஜூலை 27ஆம் நாள் விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கி, ஏறத்தாழ இரண்டரை மாதம் பட்டினி கிடந்து அக்டோபரில் இறந்தார். அந்தப் பெயருக்காகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 1967 ஜூலை 18ஆம் நாள். அது நடைமுறைக்கு வந்ததோ 1969 ஜனவரி 14ஆம் நாள், அண்ணா மறைவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு.

எல்லையை எப்படி வரைந்தாலும் கோட்டின் இரு பக்கத்திலும் சிலர் தங்கள் மொழி ஆளாத இடத்தில் நின்றுவிடுவார்கள். விளவங்கோட்டில் மலையாளம் பேசுவோர் இருக்கிறார்கள். திருத்தணியிலும் ஓசூரிலும் தெலுங்கு பேசுவோர் இருக்கிறார்கள். மூணாற்றிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் தமிழ் பேசுவோர் இருக்கிறார்கள். இதை 1956இல் சட்டம் செய்தவர்கள் மறக்கவில்லை. மாநிலங்களை மறுசீரமைத்த அதே அரசியலமைப்பு ஏழாம் திருத்தம்தான், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு ஒவ்வொரு மாநிலமும் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்னும் 350அ பிரிவையும் அரசியலமைப்பில் சேர்த்தது. கோடு போட்ட கையே கோட்டுக்கு அப்பால் நின்ற குழந்தையையும் நினைத்தது. ஊர்ப்பற்றைப் பற்றிப் பேசும் எவரும் இந்தப் பிரிவை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

மூணாற்றுத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்குத் தமிழ்ப் பள்ளி வேண்டும் என்று நான் கேட்கிறேன், உரக்கவே கேட்கிறேன். அதே குரலில், எங்கள் வட்டத்தில் மலையாள வழி வகுப்பு கேட்கும் பெற்றோருக்காகவும் நான் பேசியாக வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாட்டில் வளரும் ஒவ்வொரு குழந்தையும் தமிழ் அறிந்திருக்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் மொழிச் சிறுபான்மையினர் தங்கள் தாய்மொழித் தேர்வுக்காக நீதிமன்றப் படியேற வேண்டிய நிலை வந்தபோது, திருவிதாங்கூரில் நம் முன்னோர் எதைக் கேட்டார்களோ அதையே அவர்களும் கேட்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் உணர்ந்தோம்?

இனி மாநிலத்துக்குள் இருக்கும் வட்டாரப் பெருமைகளுக்கு வருகிறேன். கொங்கு, சோழநாடு, பாண்டியநாடு, தொண்டைநாடு, நாஞ்சில் நாடு என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் பழைய பெயர்கள். அவற்றில் தவறேதும் இல்லை. அந்தப் பெயருக்குள் சாதி நுழையும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. 1980களிலும் 1990களிலும் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டே போனார்கள். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் வைக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு வீரரின் பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சொல்லும் அளவுக்குத் தென்மாவட்டங்களில் வெறுப்பு மூண்டது. அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. கலவரத்தை அடக்குவதற்கு அது வழியாக இருந்திருக்கலாம். ஆயினும் ஒருவருடைய பெயரை மறுத்தவர்களின் பிடிவாதத்துக்காக எல்லோருடைய பெயரும் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்கிறேன். மயிலாடுதுறை மக்கள் தனி மாவட்டம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவதற்கு, இடையில் கிடக்கும் புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்காலைக் கடந்தாக வேண்டியிருந்தது. தன் மாவட்டத் தலைநகருக்குப் போக ஒருவர் வேறோர் ஆட்சிப் பகுதிக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது. 2020இல் அது தமிழ்நாட்டின் 38ஆவது மாவட்டமாகியது. முந்தைய ஆண்டில் தென்காசியும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. இந்தக் கோரிக்கைகளை யாரையும் தாழ்த்தாமலே கேட்க முடிந்தது. ஒரு முதியவர் ஓய்வூதிய மனுவோடு எத்தனை பேருந்து மாறிப் போகிறார் என்பதே அவற்றின் வாதமாக இருந்தது. 2021 ஜூலையில் கொங்குநாடு தனி மாநிலமாகுமா என்ற பேச்சு சில வாரங்கள் ஓடியது நேயர்களுக்கு நினைவிருக்கும். நொய்யல் ஆற்றின் சாயக்கழிவுக்கோ பின்னலாடைத் தொழிலாளர் குடியிருப்புக்கோ அந்தப் பேச்சில் இடமே இல்லாததால், அதை என்னால் பொருட்படுத்த முடியவில்லை.

ஊர்ப்பற்று எவ்வளவு விரிந்த மனத்தோடு இருக்க முடியும் என்பதற்குத் தேனி மாவட்டத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதைக் கட்டியவர் ஆங்கிலேயப் பொறியாளர் கர்னல் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்கில் அவருடைய படம் சாமி படங்களுக்கு இணையாக மாட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவருடைய பிறந்தநாளான ஜனவரி 15ஆம் நாள் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். லோயர் கேம்பில் மணிமண்டபமும் எழுந்திருக்கிறது. அவர் தமிழர் அல்லர், அந்த ஊர்க்காரரும் அல்லர். வயலுக்கு நீர் கொண்டுவந்தவர் என்பது ஒன்றே அம்மக்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நீர் என்றதும் என் வட்டத்துக்குத் திரும்பாமல் இருக்க முடியவில்லை. இன்று கேரளத்தில் இருக்கும் நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய வேண்டியது. அந்த அணையைத் திட்டமிட்ட காலத்தில் விளவங்கோடும் அதே மாநிலத்தில்தான் இருந்தது. எல்லை பிற்பாடு வந்தது, நீரும் எல்லைக்கு இப்பால் பல காலம் வந்துகொண்டுதான் இருந்தது. 2004இல் அது நின்றது. நெய்யாறு இரு மாநிலங்களுக்கும் உரிய ஆறே அல்ல என்பது கேரளத்தின் வாதம். தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. இதற்கிடையில் கால்வாயை நம்பிய நிலங்களில் நெல் போய் ரப்பரும் வாழையும் வந்துவிட்டன. வயல் என்று பெயர் தாங்கிய இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன.

ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் நாள் எங்கள் மாவட்டத்தில் இணைப்பு நாளாகப் போற்றப்படுகிறது. நாகர்கோவிலில் நேசமணியின் சிலைக்கு மாலை அணிவிக்கிறார்கள். மாநில அரசு 2021இல் ஜூலை 18ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்த பிறகு, எந்த நாள் சரியான நாள் என்று அறிஞர்களும் கட்சிகளும் வாதிட்டு வருகிறார்கள். இரண்டு நாள்களுக்கும் தகுதி உண்டு. பெயர் கிடைத்த நாளை மாநிலம் முழுவதும் கொண்டாடட்டும்; நிலம் கிடைத்த நாளை எல்லைப்புற மாவட்டங்கள் கொண்டாடட்டும். அந்த வாதத்தில் என் நேரத்தைச் செலவிட நான் விரும்பவில்லை.

நான் கேட்பது வேறு. நவம்பர் 1ஆம் நாள் மாலையோடு வரும் அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சித் தலைவர்களும், அதே மேடையில் நெய்யாற்று வழக்கு அந்த ஆண்டில் எந்த நிலையில் இருக்கிறது, திருவனந்தபுரத்தோடு எத்தனை முறை பேச்சு நடந்தது, தூர்ந்துபோன கிளைக் கால்வாய்களில் எவற்றைத் தூர்வாரினார்கள் என்பதை மக்களுக்குச் சொல்ல வேண்டும். நேசமணி கேட்ட கேள்விகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. வரும் நவம்பரில் விளவங்கோட்டு விவசாயிகள் சிலர் இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுக்க இருக்கிறோம். நெய்யாற்றங்கரைப் பக்கத்தில், கால்வாயின் மேற்பகுதியில் பயிர்செய்யும் மலையாளம் பேசும் உழவர்களையும் உடன் வருமாறு அழைத்திருக்கிறோம். வணக்கம்.