முன் பிரேக்கும் ஒரு துண்டு சாக்பீஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவொற்றியூர்க்காரனுக்கு புல்லட் சத்தம் கோயில் மணி மாதிரி. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, எங்கள் ஊருக்கு ஆலை வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனமான ராயல் என்ஃபீல்டு கடையை மூடிவிட்டது. இங்கே தயாரிப்பு நிற்கவில்லை. எங்கள் தெருவிலேயே அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் முன் பிரேக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இன்று பேசப் போகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 350. 1970-களில் வாங்கிய வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பின் பிரேக். இந்தக் காலத்து பைக் ஓட்டிப் பழகியவர் இதில் ஏறினால் அவசரத்தில் வலது காலை அழுத்துவார். வண்டி நிற்காது, கியர்தான் மாறும். எனக்கே இது நடந்திருக்கிறது. கைக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை; முன் பிரேக் எந்த பைக்கிலும் வலது கையில்தான்.

ஆனால் நம்மில் பலர் அந்தக் கையை நம்புவதில்லை. "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுடும்" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். கடலோரச் சாலையில் மணல் படிந்த வளைவில் அது சரி. மற்ற இடத்தில், பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது; பின் சக்கரம் லேசாகிறது. அப்போது நிறுத்தும் வேலையில் பாதிக்கு மேல் முன் சக்கரத்துக்குத்தான்.

போன வருடம் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற நேரம். முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன்; லீவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டியது. வண்டி தன் பாட்டுக்குப் போனது. டிரெய்லரின் பின்கட்டைக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். வீட்டில் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த துண்டுகள்தான் பிரேக் ஷூ; அதைப் புதிதாக வாங்கி மாட்டினேன். முன்பைவிட மோசம். கேபிளை மாற்றினேன். லீவர் கொஞ்சம் இளகியது, வண்டி நிற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றியதே கழற்றினோம் என்று பேரிங்குக்குத் தாராளமாக கிரீஸ் அடைத்தேன். அது மெல்லக் கசிந்து, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான புது லைனரில் ஏறிக்கொண்டது. கிரீஸ் குடித்த லைனரை பெட்ரோலில் கழுவினால் காய்ந்தபின் சுத்தமாகத்தான் தெரியும். சூடேறினால் உள்ளே இருப்பது மறுபடி வெளியே வரும். அந்த ஜோடி குப்பைக்குப் போயிற்று. காசு போனது பெரிதில்லை, என் கையாலேயே கெடுத்தேனே என்றுதான் வலித்தது.

கடைசியில் அந்தப் பெரியவரிடம் போனேன். பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இன்னா தம்பி, ஷூவைப் பார்த்தே, டிரம்மைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. பேத்தியின் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து வரச் சொன்னார். நான் அடுத்து வாங்கி வைத்திருந்த ஷூவில், லைனர் முழுக்க வெள்ளையாகத் தேய்த்தார். மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மெல்ல பிரேக் பிடித்து, மறுபடி கழற்றினார். ஷூவின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் சாக்பீஸ் அழிந்திருந்தது. மீதியெல்லாம் பூசிய வெள்ளை அப்படியே இருந்தது. அவ்வளவு பெரிய வண்டியை அந்த இரண்டு விரல் இடம்தான் நிறுத்திக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். பள்ளம் விழுந்த டிரம்மை முன்பு யாரோ லேத்தில் கடைந்திருக்கிறார்கள். கடைந்தால் உள்வட்டம் பெரிதாகும். கடையில் விற்கும் ஷூவோ பழைய அளவு வட்டத்துக்கு வார்த்தது. பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம் போனால் நடுவில் மட்டும்தான் தொடும். இதற்கு வழி, பழைய ஷூவில் கனமான லைனர் ஒட்டி, அதை டிரம்மின் இப்போதைய அளவுக்கு லேத்தில் கடைவது. அந்தப் பெரியவரே கூட வந்து, லேத்துக்காரர் பக்கத்தில் நின்று செய்து வாங்கினார்.

ஒரு எச்சரிக்கை. பழைய லைனர்களில் கல்நார், அதாவது மூச்சில் போகக் கூடாத ஆஸ்பெஸ்டாஸ், இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் 'ஃபூ' என்று ஊதுவதோ ஏர் அடிப்பதோ வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

சரி, இரண்டு ஷூவில் ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று பலர் கேட்கிறார்கள். லீவரைப் பிடித்தால் ஷூக்களை விரிக்கும் துண்டுதான் கேம்; அது திரும்பும்போது இரண்டையும் தள்ளுகிறது. ஆனால் டிரம் சுற்றும் வேகம் ஒன்றைத் தன் பக்கம் இழுத்து இன்னும் இறுக்குகிறது. மற்றதை விலக்கப் பார்க்கிறது. இழுபடுகிற ஷூதான் அதிகம் உழைக்கிறது. அதன் முன் விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டால் கவ்வி இழுக்காது, கீச்சும் குறையும். கேமுக்கு கிரீஸ் வைப்பது ஒரு தடவலோடு போதும். என் பாடம் உங்களுக்கு வேண்டாம்.

அவர் சொன்ன இன்னொன்று, அதுவரை நான் கேள்விப்படாதது. சக்கரத்தை மாட்டும்போது அதன் அச்சான ஸ்பிண்டிலின் நட்டை உடனே இறுக்கிவிடக் கூடாது. கொஞ்சம் தளர்வாக வைத்து, சக்கரத்தைச் சுற்றி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்க வேண்டும். ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாக உட்காரும். நானே லீவரைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஸ்பேனர் போட்டார். பிறகு பிரேக் பிடித்த நிலையில் கேமின் கையும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். அந்தக் கோணத்தில்தான் நம் விரலின் பலம் வீணாகாமல் போய்ச் சேரும்.

நம்ம ஊர் உப்புக்காற்று கேபிளை உள்ளேயே தின்னும். பால் கவரின் மூலையைக் கத்தரித்து, கேபிளின் மேல் முனையில் நூலால் கட்டி, இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி ராத்திரி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். காலையில் கீழ் முனையில் சொட்டினால் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். தரையில் பழைய துணி போட மறந்தால் வீட்டில் வாங்கிக்கட்டிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

சில வாரம் பதமாக ஓட்டியபின் மறுபடி பிரித்து சாக்பீஸ் பூசிப் பார்த்தோம். இந்த முறை லைனரின் ஓரம் வரை அழிந்திருந்தது. இப்போது லீவர் பாதி தூரம் வரும்போதே முன் ஃபோர்க் அமுங்குவது கையில் தெரிகிறது.

மழைக்காலம் வருகிறது. கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரித் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால், எவ்வளவு நல்ல டிரம் பிரேக்கும் கொஞ்ச நேரம் கைவிடும். ஏறியதும், பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, லீவரை லேசாகப் பிடித்தபடி மெதுவாகக் கொஞ்ச தூரம் உருட்டுங்கள். சூட்டில் ஈரம் போய், பிடிப்பு திரும்பி வருவது விரலிலேயே தெரியும். அதற்குப் பிறகு கியரை மாற்றுங்கள்.

வணக்கம்.